நூற்பவர் மகன் இமாம் கஸ்ஸாலி

தறியோசை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காஞ்சி மாநகரில் பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் பொழுது விடிவதே தறியோசையோடுதான் என்பதை அறியாதார் இலர். அங்கே கோர்வைச் சேலை நெய்யும் தறியைக் கண்டவர்கள் ஓர் உண்மையை உணர்ந்திருப்பர். கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம் ஆதலின் அச்சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவர் ஒருவரே அம்மூன்றையும் கையாள இயலாது. பக்கத்தில் அமர்ந்து ஒரு நாடாவைக் கோத்துக் கொடுக்கத் துணையாள் வேண்டும். முற்காலத்தில் அந்தத் துணையாள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையே. ஆகவே நெசவாளர் வீட்டில் பிள்ளை என்பது இறைவன் தந்த வரமாக மட்டுமன்றித் தறிக்கு மேலும் ஒரு கையாகவும் எண்ணப்பட்டது. பட்டு விலை ஏறிக் கூலி ஏறாத நாள்களிலோ, அதே பிள்ளைகளின் தட்டில் எதனை இடுவது என்ற கவலையும் அவ்வீட்டில் குடிபுகுந்தது.

எத்தனை பிள்ளைகள் போதும்? அதனை முடிவு செய்வது இறைவனா, கணவனா, மனைவியா, அரசாங்கமா? சிவப்பு முக்கோணம் தீட்டாத சுவரே இல்லை என்னும்படி நம் நாட்டில் ஒரு காலம் இருந்தது. அக்காலந்தொட்டு இன்றுவரை இவ்வினா எழும்போதெல்லாம் ஒரு பேச்சு அடிபடுவதைக் கேட்கலாம். இசுலாம் கருத்தடையை அறவே மறுக்கிறது என்பதே அது. எங்கள் வகுப்பிலும் ஒருநாள் மக்கள்தொகை பற்றிய பாடத்தின்போது இப்பேச்சு எழுந்தது. முஸ்லிம் நண்பர் சிலரே அதனை ஆம் என்றனர். வேறு சிலர் இல்லை என்றனர். இரு சாராரிடமும் சான்று இல்லை. அவ்விவாதம் என்னை நூலகத்துக்கு அனுப்பியது. அங்கே எனக்குக் கிடைத்தவர் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு பேரறிஞர். அவர் நெசவுத் தொழிலுக்கு உறவுடைய ஏழையின் மகன் எனச் சொல்லப்படுபவர் என்று அறிந்தபோது, காஞ்சியில் பிறந்த எனக்கு அவர்மேல் தனிப்பற்றே உண்டாயிற்று. அவர்தாம் இமாம் கஸ்ஸாலி.

பிறப்பும் இளமையும்

அபூ ஹாமித் முகம்மது என்னும் இமாம் கஸ்ஸாலி 1058ஆம் ஆண்டு, அஃதாவது ஹிஜ்ரி 450இல், ஈரான் நாட்டின் கீழ்த்திசையில் குராசான் பகுதியைச் சேர்ந்த தூஸ் நகரில் பிறந்தார். பாரசீகப் பெருங்காப்பியமான ஷாநாமாவை இயற்றிய பிர்தௌசி பிறந்த ஊரும் அதுவே. கஸ்ஸாலி என்னும் பெயருக்கு இருவகை விளக்கம் கூறுவர். கம்பளி நூல் நூற்பவரைக் குறிக்கும் அரபுச் சொல்லின் அடியாகப் பிறந்தது என்பர் ஒரு சாரார். கஸாலா என்னும் சிற்றூரின் பெயரால் வந்தது என்பர் மற்றொரு சாரார். அவர் தந்தையார் கம்பளி நூற்று விற்றுக் காலங்கழித்தவர் என்பது மரபுவழிச் செய்தி.

அத்தந்தையார் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் கற்றோர் அவையில் ஓரமாக நின்று கேட்பதில் பெருவிருப்புடையவர். தமக்குக் கிட்டாத கல்வி தம் மக்களுக்காவது கிட்டவேண்டும் என்பதே அவரது வேட்கை. மரணம் நெருங்கியபோது, முகம்மது, அகமது என்னும் தம் இரு மைந்தரையும், சேர்த்துவைத்த சிறு பொருளையும் சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்மூடினார். பொருள் விரைவில் தீர்ந்தது. நண்பரும் ஏழையே. எனவே அவர் சிறுவர் இருவரையும், உணவும் உறைவிடமும் தரும் கல்விக்கூடத்தில் சேர்ந்துகொள்ளுமாறு கூறி அனுப்பினார். சோற்றுக்காகக் கல்விச்சாலை புகுந்த அச்சிறுவரே பிற்காலத்தில் உலகம் போற்றும் அறிஞராயினர். உதவித்தொகையும் விடுதிச் சோறும் கொண்டு படிக்கும் நம்மவர்க்கு இச்செய்தி உரமூட்டக் கூடியது.

கல்வியும் கள்வரும்

தூஸ் நகரில் தொடக்கக் கல்வி பெற்ற இளைஞர் கஸ்ஸாலி, மேற்படிப்பிற்காக ஜுர்ஜான் நகர் சென்றார். அங்கு ஆசிரியர் சொன்னவற்றையெல்லாம் ஏடுகளில் எழுதிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் மறித்து அனைத்தையும் பறித்தனர் என்று ஒரு வரலாறு வழங்குகிறது. அவர் கள்வர் தலைவன் பின்னே ஓடி, தம் கல்வி முழுவதும் அந்த ஏட்டுக்கட்டில் இருக்கிறது, அதை மட்டும் தந்துவிடுமாறு வேண்டினாராம். கள்வனால் கவர்ந்து செல்லக்கூடிய கல்வி என்ன கல்வி என்று அவன் நகைத்து, ஏடுகளைத் திருப்பிக் கொடுத்தானாம். அந்த நகைப்பு அவர் நெஞ்சில் தைத்தது. மூன்றாண்டுகள் முயன்று அவை அத்தனையையும் மனப்பாடமாக்கிக்கொண்டார் என்பர்.

பின்னர் நிஷாப்பூர் சென்று, இமாமுல் ஹரமைன் என்று போற்றப்பட்ட அல்ஜுவைனியிடம் பயின்றார். சட்டம், தருக்கம், சமயத் தத்துவம் ஆகிய துறைகளில் ஆசிரியரே வியக்கும் தேர்ச்சி பெற்றார். 1085இல் ஆசிரியர் மறைந்தபின், செல்ஜூக் பேரரசின் அமைச்சரும் கல்விப் புரவலருமான நிஜாமுல் முல்க் அவரைத் தம் அவைக்கு அழைத்துக்கொண்டார்.

பாக்தாத் நகரில்

1091ஆம் ஆண்டு. பாக்தாத் நகரில் நிஜாமுல் முல்க் நிறுவிய நிஜாமியா கல்லூரியின் தலைமைப் பேராசிரியர் பதவி கஸ்ஸாலியைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. முந்நூறு மாணவர் அவர் முன் அமர்ந்து பாடம் கேட்டனர். கலீஃபாவும் அமைச்சர்களும் அவருடைய ஆலோசனையை நாடினர். கிரேக்கத் தத்துவத்தையும், அதனைத் தழுவிய இப்னு சீனா முதலியோரின் கொள்கைகளையும் முதலில் கசடறக் கற்று, பின்னர் அவற்றை மறுத்து அவர் எழுதிய நூல் 1095இல் நிறைவுற்றது. எதிராளியின் கருத்தை அவரினும் நன்றாக அறிந்துகொண்ட பின்னரே மறுக்கவேண்டும் என்பது அவர்தம் நெறி. மேடை ஏறும் நம் பேச்சாளர்கள் இந்நெறியைக் கைக்கொண்டால் பாதிச் சண்டைகள் தோன்றாமலே போகும்.

புகழின் உச்சியில் நின்ற அவ்வேளையில்தான் அவர் உள்ளத்தில் புயல் வீசத் தொடங்கியது. தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். விடை அவருக்குச் சாதகமாக இல்லை. போகவும் மனமின்றி இருக்கவும் மனமின்றி ஆறு மாதம் அலைமோதினார். 1095ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் நா எழவில்லை. வகுப்பில் வாய் திறந்தும் சொல் வரவில்லை. உணவு செல்லவில்லை. மருத்துவர்கள் இது உடல் நோயன்று, உள்ளத்தின் நோய் என்று கைவிரித்தனர்.

இறுதியில் துணிந்தார். குடும்பத்தின் வாழ்வுக்கு வேண்டியதை ஒதுக்கிவைத்துவிட்டு, எஞ்சிய செல்வத்தை ஈந்துவிட்டு, மக்கா யாத்திரை என்று சொல்லிப் பாக்தாதை விட்டு வெளியேறினார். அவரிடத்தில் தம்பி அகமது பாடம் நடத்தினார்.

இதே நூற்றாண்டில் நம் காஞ்சியிலும் ஒரு நிகழ்ச்சி நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட இராமாநுசர், ஆசிரியரோடு கருத்து மாறுபட்டுப் பிரிந்து, வரதராசர் திருப்பணியில் ஈடுபட்டு, பின்னர்த் திருவரங்கம் சென்றார். ஒருவரை ஒருவர் அறியாத இருவர். சமயமும் வேறு, மொழியும் வேறு. எனினும் கற்ற கல்வி உள்ளத்துக்கு ஒவ்வாதபோது இருந்த இடத்தை விட்டெழும் துணிவு இருவர்க்கும் பொதுவாயிற்று.

அறநூல் பிறந்தது

டமாஸ்கஸ் நகரின் பெரும் பள்ளிவாசலில் தனித்திருந்து தவம் புரிந்தார் கஸ்ஸாலி. செரூசலம் சென்றார். ஹெப்ரோன் நகரில் இப்ராஹீம் நபியின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதிகள் எடுத்துக்கொண்டார்: அரசரின் பொருளை ஏற்பதில்லை, அரசவைக்குச் செல்வதில்லை, வாதப்போர் புரிவதில்லை என்பனவே அவை. மக்காவுக்கும் மதீனாவுக்கும் சென்று ஹஜ் கடமை முடித்தார். இத்துறவுக் காலத்தில்தான் அவருடைய தலைசிறந்த படைப்பாகிய இஹ்யா உலூமித்தீன் உருவாயிற்று. மார்க்க அறிவுக்கு மீண்டும் உயிரூட்டுதல் என்பது அப்பெயரின் பொருள்.

நாற்பது இயல்களையுடைய அந்நூல், வணக்கம், வாழ்க்கை நடைமுறை, அழிவுக்குரிய தீக்குணம், மீட்சிக்குரிய நற்குணம் என நான்கு பகுதிகளாக அமைந்தது. உண்ணும் முறை, பொருளீட்டும் முறை, நட்பு, பயணம் என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பன்னிரண்டாம் இயல் திருமணம் பற்றியது. குழந்தைப்பேற்றைத் தவிர்த்தல் கூடுமா என்னும் வினாவை அவர் அவ்வியலில்தான் ஆராய்கிறார்.

குழந்தைப்பேறு பற்றிய வினா

அக்காலத்தில் மாத்திரை இல்லை, உறை இல்லை, அறுவை மருத்துவமும் இல்லை. கரு உண்டாகாதபடி கணவன் உரிய நேரத்தில் விலகிக்கொள்ளும் முறையே பரவலாக இருந்தது. அரபியில் அதற்கு அஸ்ல் என்று பெயர். நபிகள் நாயகத்தின் தோழர்கள், திருக்குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்த நாளிலேயே இம்முறையைக் கையாண்டனர் என்றும், அது தடுக்கப்படவில்லை என்றும் ஜாபிர் என்னும் தோழர் வாயிலாக ஒரு நபிமொழி உண்டு. இதனை மறைமுகச் சிசுக்கொலை போன்றதெனக் கண்டிக்கும் வேறொரு நபிமொழியும் உண்டு. இதனால் அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. கஸ்ஸாலியின் இளமைக் காலத்தில், 1064இல் மறைந்த ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் இம்முறையை முற்றாகத் தடுத்தார். ஹனஃபி முதலிய மத்ஹபுகளின் அறிஞர் பலர் மனைவியின் இசைவு இருந்தால் கூடும் என்றனர். நம் நாட்டில் அவுரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பட்ட ஃபதாவா ஆலம்கீரி என்னும் சட்டத் தொகுப்பும் மனைவியின் இசைவோடு அதனை அனுமதிக்கிறது.

கஸ்ஸாலி ஷாஃபி மத்ஹபைச் சார்ந்தவர். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களில் வாழும் முஸ்லிம்கள் பலர் பின்பற்றுவதும் அதே மத்ஹபுதான். அவர் எல்லாக் கருத்துகளையும் வரிசையாக எடுத்துவைத்து, முடிவில் தம் கருத்தைக் கூறுகிறார். அஸ்ல் தடுக்கப்பட்டதன்று, மேலான ஒன்றைச் செய்யாது விடுதல் மட்டுமே என்பது அவர் முடிவு. பள்ளிவாசலில் சும்மா உட்கார்ந்திருப்பவன் இறைவனை நினைக்கும் நற்பேற்றை இழக்கிறான்; ஆயினும் அவன் பாவம் செய்தவன் ஆகான். அதுபோன்றதே இதுவும் என்று விளக்குகிறார்.

கருத்தடை வேறு, கருவழிப்பு வேறு என்று அவர் வகுத்துக் காட்டிய திறம் வியப்புக்குரியது. வாணிகத்திலிருந்து உவமை எடுத்தார். ஒருவர் விலை கூறுகிறார். மற்றவர் இன்னும் ஏற்கவில்லை. அப்போது சொன்னவர் சொல்லைத் திரும்பப் பெற்றால் ஒப்பந்தத்தை முறித்தவர் ஆகார். ஏற்றபின் மறுத்தாலே முறிவு. அவ்வாறே ஆண், பெண் இருவர் பங்கும் கூடுமுன் தவிர்ப்பது உயிருக்கு இழைக்கும் தீங்காகாது. கூடியபின் அழிப்பது குற்றம். அது இரத்தக்கட்டியாகி, சதைத்துண்டாகி வளருந்தோறும் குற்றமும் வளரும். உயிர் ஊதப்பட்டபின் மிகக் கொடிது. பிறந்தபின் கொல்லுதல் எல்லாவற்றினும் கொடிது. சந்தையில் நடக்கும் பேரத்தைக் கொண்டு இத்துணை நுட்பமான அறத்தை விளக்கியது அவர்தம் பெருமை.

எண்ணமே அளவுகோல்

அவர் அத்தோடு நிற்கவில்லை. செயல் கூடும் என்றபின், எந்த எண்ணத்தோடு செய்கிறாய் என்று கேட்டார். ஐந்து எண்ணங்களை எடுத்துவைத்தார். முதலாவது அக்கால அடிமை முறையைச் சார்ந்தது. அம்முறை ஒழிந்தபின் அது நமக்கு வேண்டாதது. இரண்டாவது, மனைவியின் அழகும் உடல்நலமும் கெடாமலும், பேறுகால இடரால் அவள் உயிர் போகாமலும் காக்கும் எண்ணம். மூன்றாவது, மக்கள் பெருகினால் இடுக்கண் பெருகும், பொருளுக்காகத் தீய வழியில் செல்ல நேரும் என்னும் அச்சம். இவை தடுக்கப்பட்டவை அல்ல என்றார். மூன்றாவதைக் குறித்து, இறைவன்மீது முழு நம்பிக்கை வைத்தலே உயர்நிலை என்றும், அந்நிலைக்கு ஏறாதது குற்றமாகாது என்றும் தெளிவுபடுத்தினார்.

நான்காவது எண்ணம், பெண் பிறந்துவிடுமோ என்னும் அச்சம். இதனை அவர் கண்டித்தார். அறியாமைக் காலத்து அரபியர் பெண் மகவை மண்ணில் புதைத்த கொடுமையின் வழிவந்த எண்ணம் இது என்றார். ஐந்தாவது, பேறு, பாலூட்டல் முதலியவற்றை அருவருத்துப் பிள்ளையே வேண்டாமெனும் மிகைத் தூய்மைப் போக்கு. அதனையும் அவர் ஏற்கவில்லை. இந்த ஐந்தாவதைப் பற்றி இன்றைய மகளிர் மாறுபடக் கூடும். கருவைச் சுமப்பவள் கருத்துக்கு இன்னும் இடம் தந்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. கணவன் மனைவியின் இசைவைப் பெற்றே ஆகவேண்டும் என்று கஸ்ஸாலி கட்டாயமாக்கவில்லை. இவ்வகையில் ஹனஃபி அறிஞரின் நிலை பெண்ணுக்கு உரிமை மிகுதியாகத் தருவது. பெரியோர் சொல்லையும் எடைபோட்டுக் கற்பதே அவர் நமக்குக் காட்டிய வழியாதலின் இதனைக் கூறினேன்.

பிற்கால வாழ்வும் மறைவும்

துறவிலிருந்து தூஸ் நகர் திரும்பிய கஸ்ஸாலி அமைதியாக வாழ விரும்பினார். ஆயினும் நிஜாமுல் முல்க்கின் மகன் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் 1106இல் நிஷாப்பூர் நிஜாமியாவில் மீண்டும் சிறிது காலம் பாடம் சொன்னார். பிறகு சொந்த ஊரிலேயே மாணவர்க்கு ஒரு கல்விக்கூடமும் சூஃபிகளுக்கு ஒரு தங்கிடமும் அமைத்துக்கொண்டார். சோற்றுக்காகக் கல்விச்சாலை புகுந்த சிறுவர், ஏழை மாணவர் உண்டு உறைந்து கற்கும் இடமொன்றைத் தாமே நடத்தினார்.

1111ஆம் ஆண்டு டிசம்பர் 18, திங்கட்கிழமை. விடியற்காலையில் ஒளு செய்து தொழுதார். தமக்குரிய கஃபன் துணியைக் கொண்டுவரச் சொன்னார். அதனை முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, அரசன் அழைப்பை ஏற்பவர்போல் கிப்லாத் திசை நோக்கிப் படுத்தார். கதிரவன் நன்கு எழுமுன் உயிர் பிரிந்தது. தம்பி அகமது கூறியதாக இச்செய்தி வழங்குகிறது. நூற்பவர் மகன் இறுதியில் கையில் ஏந்தியது ஒரு துண்டுத் துணி. நம் காஞ்சியைக் குலோத்துங்க சோழன் ஆண்ட காலம் அது.

அவருக்குப் பின் எஞ்சிய மக்கள் பெண்களே என்று வரலாற்று நூலார் குறித்துள்ளனர். பெண் பிறக்குமோ என்று அஞ்சுவதைக் கண்டித்தவர், பெண் மக்களையே பெற்று வளர்த்த தந்தையும் ஆவார்.

நமக்கு அவர் விட்டுச்சென்றது

அவர் எழுதிய சில பக்கங்கள் காலம் கடந்து பயன்பட்டன. அஸ்ல் கூடுமெனில் அதையொத்த தற்காலிகக் கருத்தடை முறைகளும் கூடும் என ஒப்புநோக்கிப் பின்வந்தோர் வாதிட்டனர். எகிப்தின் முஃப்தி அப்துல் மஜீத் சலீம் 1937இல் கணவன் மனைவி இசைந்து கருத்தடை கொள்வதை அனுமதித்து ஃபத்வா அளித்தார். மொராக்கோவின் ரபாத் நகரில் 1971இல் முஸ்லிம் அறிஞர் மாநாடொன்று கூடி இவ்வினாவை ஆராய்ந்தது. எல்லாரும் ஒரே கருத்தினர் அல்லர். மௌலானா மௌதூதி கருத்தடை இயக்கத்தை எதிர்த்துத் தனி நூலே எழுதினார். நிலையான கருத்தடை அறுவையை இன்றும் அறிஞர் பலர் ஏற்பதில்லை. ஆகவே இசுலாம் மறுக்கிறது என ஒரே சொல்லில் கூறுவதும் தவறு. எல்லாவற்றையும் ஏற்கிறது என்பதும் தவறு.

நம் நாட்டில் 1975 முதல் 1977 வரை நிலவிய நெருக்கடி நிலையில் நடந்ததையும் மறத்தலாகாது. 1976–77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. டில்லி துருக்மான் கேட் பகுதியில் குடியிருப்பு இடிப்பும் கருத்தடை அச்சமும் சேர்ந்து மக்களைக் கொதித்தெழச் செய்தன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. கணவன் மனைவி கூடி எண்ணி எடுக்கவேண்டிய முடிவை அதிகாரம் பறித்துக்கொண்டால், நல்ல திட்டமும் நஞ்சாகும் என்பதற்கு அதுவே சான்று. வற்புறுத்தல் இல்லாமலே மாற்றம் வரும் என்பதற்கும் சான்று உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்திய முஸ்லிம் பெண் ஒருவர் பெறும் பிள்ளைகளின் சராசரி 1992–93இல் 4.4ஆக இருந்தது, 2019–21இல் அது 2.36ஆகக் குறைந்தது. கல்வியும் வாய்ப்பும் வந்தபோது எல்லாச் சமயத்தாரையும் போலவே அவர்களும் தாமே முடிவெடுத்தனர்.

இறுதியாக ஒன்று. நம் தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டி வந்தது. கருவிலேயே பெண் என அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றவேண்டி வந்தது. அக்கொடுமை எந்த ஒரு சமயத்தாருக்கும் தனியுரிமையன்று. அளவான குடும்பம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அந்த அளவுக்குள் ஆண் பிள்ளை மட்டும் வேண்டும் என்று நினைத்தவர் நம் தெருவிலும் உண்டு. நம் வீட்டிலும் இருக்கக்கூடும். கஸ்ஸாலியின் நான்காவது எண்ணம் நம்மை நோக்கியே கேட்கப்பட்டதுபோல் இருக்கிறது.

மாணவ நண்பர்களே! நாளை நாமும் இல்லறம் ஏற்போம். பிள்ளை எத்தனை என்பதை அவரவர் மனையாளோடும் மணாளரோடும் கலந்து முடிவு செய்வோம். அப்போது, முறை எது என்று மருத்துவரிடம் கேட்போம். எண்ணம் எது என்று நம் நெஞ்சிடம் கேட்போம். தாயின் உயிர்மேல் பரிவா, வறுமை பற்றிய அச்சமா, பெண் மகவின்மேல் வெறுப்பா என்று அந்நெஞ்சு மறையாது கூறும். தூஸ் நகரத்து நூற்பவர் மகன் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் கற்பித்த பாடம் இதுவே.